அனுப்பக்குள்ள பறக்குது, எடுக்கக்குள்ள ஊருது: வீட்டு நெட்வேர்க்கில் பிழை எங்கே?

[திரையில்: கோப்பு நகரும் பச்சைப் பட்டை. அனுப்பும்போது செக்கனுக்கு 280 மெகாபைட். எடுக்கும்போது 50.]

ஒரே கணினி, ஒரே கேபிள், ஒரே கோப்பு. திசை மட்டும்தான் வேறு. மட்டக்களப்பு கல்லடியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் மச்சான் கோல் எடுத்துச் சொன்னான்: "மச்சான், அனுப்பக்குள்ள பறக்குது, எடுக்கக்குள்ள ஊருது. இன்டர்நெட்காரனுக்குச் சொல்லவா?"

சொல்லி வேலையில்லை. கணினிக்கும் நாஸுக்கும், அதாவது நெட்வேர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டிக்கும் இடையில் போகும் கோப்பு வீட்டு வாசலையே தாண்டுவதில்லை. ஃபைபர் இணைப்பைக் கழற்றி வைத்தாலும் இதே 50தான் வரும்.

முதலில் கணக்கு. அவன் வீட்டில் கணினி, நாஸ், இரண்டின் கேபிளையும் சேர்க்கும் நெட்வேர்க் சுவிட்ச் மூன்றும் செக்கனுக்கு 2.5 கிகாபிட். எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்தால் 312 மெகாபைட். வழிச்செலவு போக 280 சொச்சம் கையில் கிடைக்கும். ஆக, அனுப்பும் வேகம் சரி. எடுக்கும் பக்கத்தில்தான் கோளாறு.

எல்லோரும் உடனே டிஸ்க்கைத் திட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஊகிக்க வேண்டியதில்லை. ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரல் இருக்கிறது. அது டிஸ்க்கைத் தொடாது, மெமரியில் இருந்து மெமரிக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். திசையைத் திருப்ப, கட்டளையின் கடைசியில் ஒரு கோடும் பெரிய ஆர் எழுத்தும் போட்டால் போதும்.

[திரையில்: இரண்டு ஓட்டங்களின் முடிவுகள்.]

போகும் பக்கம் 2.35 கிகாபிட். அது நல்ல எண். வரும் பக்கம் 0.4. பக்கத்தில் 'ரெட்ர்' என்ற தலைப்பின் கீழ் உள்ள எண்ணைப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. வழியில் தொலைந்த தரவுப் பொட்டலங்களை எத்தனை முறை திரும்ப அனுப்பினது என்ற கணக்கு அது. பொட்டலம் கொஞ்சம் தொலைந்தாலே, பாதையில் நெரிசல் என்று நினைத்து, தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபி வேகத்தைக் குறைத்துவிடும். டிஸ்க் நிரபராதி. குற்றவாளி வயர்.

எந்த வயர்? சுவருக்குள் போகும் வயரை விட்டுவிட்டு, சுவிட்சில் இருந்து கணினிக்கு ஒரு புதுக் கேபிளை நிலத்தில் இழுத்துப் போட்டோம். இரண்டு பக்கமும் 2.35. சரி, ஸ்குரூ டிரைவரை எடு என்றேன்.

[அண்மைக் காட்சி: கழற்றிய சுவர் சொக்கெட்.]

இங்கே பாருங்கள். செப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கிறது. கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். வாடைக்காற்று கொண்டுவந்த உப்பு. ஆனால் அதைவிடப் பெரிய பிழை, வயர் பூட்டினவர், சோடி சோடியாக முறுக்கியிருக்கும் வயர்களின் முறுக்கை இரண்டு அங்குலம் பிரித்து விட்டிருக்கிறார். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவே கூடாது.

அப்படியென்றால் ஏன் ஒரு பக்கம் மட்டும் அடி வாங்குகிறது? நான்கு சோடி வயரிலும் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வாவியின் அக்கரையில் ஒருவர் பேசுகிறார், நீங்கள் காதைத் தீட்டிக் கேட்கிறீர்கள். அந்த நேரம் உங்கள் பக்கத்தில் நிற்பவர் கத்தினால்? இதுவும் அதேதான். முறுக்குப் பிரிந்த இடத்தில், கணினி அனுப்பும் பலமான சைகை அடுத்த சோடிக்குத் தாவி, தூரத்தில் இருந்து மெலிந்து வருவதை அமுக்கிவிடுகிறது. நாஸ் பக்கத்து முனை ஒழுங்காக இருக்கிறது, அதனால் அங்கே எல்லாம் தெளிவாகக் கேட்கிறது.

கேபிளை மாற்றத் தேவைப்படவில்லை. கெட் 5இ என்ற பழைய ரகக் கேபிளே 2.5 கிகாபிட்டுக்கு 100 மீற்றர் வரை போதும். 2016இல் வந்த 2.5 கிகாபிட் தரமே பழைய வயரிங்கைக் காப்பாற்றத்தான் எழுதப்பட்டது. நுனியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் செப்புப் பூசிய அலுமினியம், அப்போது மட்டும் தூக்கி எறியுங்கள்.

உங்கள் வீட்டில் வேகம் 11 மெகாபைட்டில் அசையாமல் நின்றால் கதை வேறு. எட்டு வயரில் ஏதோ ஒன்று அறுந்து, இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். ஒரு முனை 2.5, மறுமுனை 1 கிகாபிட் என்றால், வேகமான பக்கம் கொட்டுவதைச் சுவிட்ச் தாங்காமலும் ஒரு திசை படுக்கலாம்.

கெட்ட முனையை வெட்டி, புது சொக்கெட் பூட்டினோம். எடுப்பது 270. அனுப்புவது 280இல் தொடங்கி, பெரிய கோப்பென்றால் நடுவில் 120க்கு விழுகிறது. இதற்கும் சொக்கெட்டைக் கழற்றப் பார்த்தான். விடுடா என்றேன். ஐபெர்ஃப் இன்னும் 2.35 காட்டுகிறது. அது நாஸில் இருக்கும் மலிவு எஸ்எஸ்டி டிஸ்க்கின் கேஷ், அதாவது வேகமான தற்காலிக இடம், நிரம்பிப்போனது.