நாலு பேரில் ஒருவர் வராத நாள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருமலை நகரிலிருந்தும் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் பக்கமிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். பாராளுமன்ற உறுப்பினருக்கு முதல் வேலை எது, அமர்வில் இருப்பதா, ஊரில் மக்களோடு இருப்பதா? அமர்வில் இருப்பதே என்ற அணி எங்களுடையது. எதிரணித் தலைவர் பேசியபோது கைதட்டல் பறந்தது. பறக்கத்தானே செய்யும்? வெள்ளத்துக்கு ஓடி வந்தவர், செத்த வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்தவர் என்றால் யாருக்கும் நெஞ்சு இளகும். கோட்டேப் பாராளுமன்றத்தில் ஒருவர் காலையிலிருந்து மாலைவரை ஒரே கதிரையில் இருந்தார் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு கை தட்டாது. எனவே கைதட்டலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நான் கணக்கோடு வருகிறேன்.

சபையில் 225 ஆசனம். 196 மாவட்டங்களிலிருந்து, 29 தேசியப்பட்டியலிலிருந்து. சேருவில, திருகோணமலை, மூதூர் என்ற மூன்று தொகுதியும் சேர்ந்த நம் திருகோணமலை மாவட்டத்துக்கு 4. 2024 தேர்தலில் கொழும்பு மாவட்டத்துக்கு 18. கொழும்பில் ஒருவர் வராவிட்டால் இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள். நம்மில் ஒருவர் வராவிட்டால் மாவட்டத்தின் காற்பங்கு போய்விடுகிறது. இரண்டு பேர் ஒரே நாளில் ஊரில் ரிப்பன் வெட்டப் போனால் பாதி மாவட்டம் சபையில் இல்லை. பெரிய மாவட்டத்தார் வேண்டுமானால் இந்தத் தலைப்பைப் பொழுதுபோக்குக்குப் பேசலாம், நமக்குக் கட்டாது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி தூரத்தைச் சொன்னார். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் கடந்து கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர், போக ஒரு நாள், வர ஒரு நாள், மக்களுக்கு எப்போது நேரம் என்று கேட்டார். நல்ல கேள்வி. பாராளுமன்றம் வழமையாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் செவ்வாய் முதல் வெள்ளிவரை கூடும். எட்டு நாள். வரவுசெலவுத்திட்ட காலத்தில் நாட்கள் கூடும், சில மாதங்களில் குறையும். பயணத்துக்கு நாலு நாள் சேர்த்தாலும் பன்னிரண்டு. மிச்சம் பதினெட்டு நாள் ஊருக்கு. தூர இடத்து உறுப்பினர் தங்குவதற்கென்றே மாதிவெலவில் வீட்டுத்தொகுதி இருக்கிறது. எரிபொருள் கொடுப்பனவும் மாவட்டத்தின் தூரத்தைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. மாதப்படி 54,285 ரூபாய்க்கு மேலே, அமர்வுக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் 2,500 ரூபாய் என்று ஒரு கொடுப்பனவு வைத்திருக்கிறார்கள். தூரத்துக்கு மாற்று ஏற்பாடு எல்லாம் செய்து, வந்தால் காசும் தருகிறோம் என்று சொல்கிற வேலை இது! பதினெட்டு நாள் போதாது, அந்த எட்டையும் தா என்கிறது எதிரணி.

சரி, வராதவரைச் சட்டம் என்ன செய்கிறது? அரசியலமைப்பின் 66 ஆம் உறுப்புரை: சபையின் அனுமதியை முன்கூட்டிப் பெறாமல் தொடர்ச்சியாக மூன்று மாதம் அமர்வுக்கு வராவிட்டால் ஆசனம் வெறிதாகும். கேட்கக் கடுமையாக இருக்கிறது அல்லவா? அந்தத் 'தொடர்ச்சியாக' என்ற சொல்லில்தான் ஓட்டை. இரண்டே முக்கால் மாதம் வராமல் இருந்துவிட்டு ஒருநாள் தலையைக் காட்டினால் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். இப்படிப் பார்த்தால் வருடத்துக்கு நாலைந்து நாள் வந்தாலே ஆசனம் பத்திரம். அதுவும் முடியாதென்றால் இன்னொரு உறுப்பினர் எழுந்து இன்னாருக்கு மூன்று மாத விடுமுறை தருக என்று பிரேரிப்பார், சபை ஆம் என்னும். உண்மையான நோயாளிக்கு அது வேண்டியதுதான். மற்றவர்களைச் சட்டம் பிடிக்காது. நம் பள்ளிக்கூடங்களில் எண்பது வீத வரவு இல்லாத பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கிறோம். இங்கே கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்கள் மட்டும்தான். அந்த வாக்காளரைப் பார்த்து, அவர் வராவிட்டாலும் பரவாயில்லை, ஊரில் நிற்கிறாரே என்று சொல்கிறது எதிரணி!

அடுத்தது 73 ஆம் உறுப்புரை, கோரம் பற்றியது. கூட்டநடப்பெண் என்று தமிழில் எழுதுவார்கள், சபையில் எல்லோர் வாயிலும் வருவது கோரம்தான். 225 பேர் உள்ள சபைக்கு வேண்டிய ஆட்தொகை 20. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்திய மக்களவை பத்தில் ஒன்று கேட்கிறது, அந்த அளவுக்கு நாம் வைத்திருந்தால் 23 ஆக வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, கவனியுங்கள். இருபதுக்குக் குறைந்தால் சபை தானாகக் கலையாது. தலைமை தாங்குபவர் தலைகளை எண்ணிக்கொண்டு இருப்பதில்லை. உள்ளே இருக்கும் ஓர் உறுப்பினர் எழுந்து, கோரம் இல்லை என்று சுட்டிக்காட்ட வேண்டும். காட்டினால் ஐந்து நிமிடம் மணி ஒலிக்கும். நடைகூடத்திலும் உணவுச்சாலையிலும் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். இருபது சேர்ந்ததும் பேச்சு தொடரும், வந்தவர்கள் மெல்ல நழுவுவார்கள். சேராவிட்டால் சபை ஒத்திவைப்பு.

அப்படி ஒத்திவைத்தால் யாருக்கு நட்டம் என்று நினைக்கிறீர்கள்? வராதவருக்கு ஒன்றுமில்லை. கட்சிக் கொறடாவிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய எட்டு நிமிடத்துக்காகப் பின்னேரம்வரை காத்திருந்தவருக்குத்தான் அந்த எட்டு நிமிடம் போய்விடும். சிறிய கட்சிக்காரர், பின்வரிசைக்காரர், தூர மாவட்டத்துக்காரர் பெயர்கள் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில்தான் நிற்கும். காலையில் வினா நேரத்துக்கு நிறைந்த சபை, மதிய உணவுக்குப் பிறகு வெளிறும். தன் பேச்சு முடிந்ததும் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் எல்லாக் கட்சிக்கும் உண்டு. இதனால்தான் கோரம் கேட்க எல்லோருக்கும் தயக்கம். இன்று நான் உன்னைக் காட்டிக்கொடுத்தால் நாளை நீ என்னை என்று, வாய் திறக்காத ஓர் ஒப்பந்தம்.

இப்போது எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். கொறடா சொன்னபடி கை உயர்த்துவதற்கு ஒருவர் அங்கே இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றார்கள். சாதாரண சட்டமூலம் ஒன்று நிறைவேறுவது சமுகமளித்து வாக்களிப்போரின் பெரும்பான்மையால். 225 இல் பெரும்பான்மை வேண்டியதில்லை. கோரம் இருபதோடு நிற்கிற ஒரு பின்னேரத்தில் பத்துப் பதினொரு வாக்கு நாட்டுக்கே சட்டம் செய்யப் போதும். 1964 டிசம்பர் 3 அன்று சிறிமாவோ அரசாங்கம் சிம்மாசன உரை, அதாவது அரசாங்கத்தின் கொள்கை உரை, மீதான வாக்கெடுப்பில் தோற்றது 74க்கு 73. ஒரேயொரு வாக்கு. ஒரு மோட்டார் வாகனம் வழியில் பழுதாகியிருந்தால் அன்றைய வரலாறு வேறு.

அரசியலமைப்புத் திருத்தத்தில் மட்டும் கணக்கு வேறு. அங்கே வராதவரையும் சேர்த்து மொத்தத் தொகையில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வேண்டும். 2022 ஒக்டோபர் 21 அன்று 21 ஆம் திருத்தத்துக்கு ஆதரவு 179, எதிர்ப்பு 1. அப்படியான நாளில் வராமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதற்குச் சமம் என்று எதிரணி சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். வருடத்தில் அப்படி எத்தனை நாள் வரும்? மற்ற நாட்களில் வராதவர் எந்தப் பக்கக் கணக்கிலும் இல்லை. 2018 நவம்பர் 29 ஐப் பாருங்கள். பிரதமர் அலுவலகத்துக்கான செலவை நிறுத்தும் பிரேரணை, அன்று ஆட்சியில் இருந்ததாகச் சொன்ன மகிந்த ராஜபக்ச தரப்பு சபையைப் புறக்கணித்தது. முடிவு 123க்கு 0. புறக்கணித்தவர்களிடம் ஆயிரம் நியாயம் இருந்திருக்கலாம், ஏட்டில் நிற்பது அந்தப் பூச்சியம்.

இதிலும் ஆழமான இடம் ஒன்று இருக்கிறது, அதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன், நடுவர் பொறுத்தருள வேண்டும். நம் நாட்டில் ஒரு சட்டமூலத்தை நீதிமன்றத்தில் எதிர்ப்பதென்றால் அது ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய குறுகிய நாட்களுக்குள் எதிர்க்க வேண்டும். சபாநாயகர் சான்றுரைத்துச் சட்டமான பிறகு 80 ஆம் உறுப்புரை எல்லாக் கதவையும் பூட்டிவிடுகிறது. எந்த நீதிமன்றமும் அதன் வலிதுடைமையை எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்குட்படுத்த முடியாது. அப்படியானால் கடைசி வாசல் எது? சபையின் குழுநிலை. இரண்டாம் மதிப்பீடு முடிந்ததும் சட்டமூலத்தை வாசகம் வாசகமாக எடுப்பார்கள். வேகம் எப்படித் தெரியுமா? ஒன்று முதல் ஐந்து வரையான வாசகங்கள் சட்டமூலத்தின் பகுதியாக இருக்கக் கட்டளையிடப்பட்டது, ஆறு முதல் பத்து வரை என்று ஓடும். உங்களிடம் திருத்தம் இருந்தால் அந்த இலக்கம் வரும் கணத்தில் எழுந்து நின்று பிரேரிக்க வேண்டும். எவ்வளவு அருமையாக எழுதிக் கொடுத்திருந்தாலும், எழுந்து பிரேரிக்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் தாள். வாசகம் கடந்து போய்விடும், திரும்பி வராது.

2024 ஜனவரி 24, நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம். கைத்தொலைபேசியில் நீங்களும் நானும் எழுதுகிற சொல்லைக் குற்றமாக்கக்கூடிய சட்டம். ஆதரவு 108, எதிர்ப்பு 62. கூட்டினால் 170. சபாநாயகரையும் விட்டால் 54 பேர் வாக்களிக்கவில்லை. அவர்களில் எல்லாப் பக்கத்தாரும் இருந்திருப்பார்கள், எல்லோரும் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் குழுநிலையில் உள்ளே போகவில்லை என்று பிறகு பெரும் சர்ச்சை எழுந்தது. சபாநாயகர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையே வந்தது, அதுவும் 117க்கு 75 என்று தோற்றது. எழுப்ப வேண்டிய நேரம் வாசகங்கள் ஓடிய அந்தச் சில மணித்தியாலம்.

வினா நேரத்தையும் விடக்கூடாது. வாய்மூல விடைக்கான வினாவை எழுதிக் கொடுக்க யாராலும் முடியும், உதவியாளரே எழுதிவிடுவார். அமைச்சின் எழுத்துமூல விடை பெரும்பாலும் வழுக்கலாகத்தான் இருக்கும். அந்த வழுக்கலைப் பிடிப்பது மேலதிக வினா. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எடுங்கள். 2022 ஜனவரி 6 ஒப்பந்தத்தில் 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. இந்த 61 இல் இன்றுவரை எத்தனை திருத்தப்பட்டது, குத்தகைப் பணம் எந்தக் கணக்கில் விழுகிறது, நம் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை என்று அமைச்சர் வாசித்து முடித்த கையோடு எழுந்து கேட்க வேண்டும். கேட்டால் சபைப் பேச்சின் பதிவேடான ஹன்சாட்டில் அவர் பேசிய தமிழிலேயே அச்சாகும். ஊர் மதகடியில் நின்று கேட்டால் காற்றோடு போகும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் கேட்கலாமே என்பார்கள். கேட்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அங்கே இருக்கும் அதிகாரி கொழும்பின் சுற்றறிக்கையைத்தான் காட்டுவார். அந்தச் சுற்றறிக்கையை எழுதிய அமைச்சர் இருப்பது மற்ற இடத்தில்.

கடைசியாக எதிரணி 1983 ஐ எடுத்தது. அதைத் தொடும்போது குரலைத் தாழ்த்திப் பேசுவதுதான் மரியாதை. தனிநாடு கோரமாட்டோம் என்ற ஆறாம் திருத்தத்தின் சத்தியத்தை எடுக்க மறுத்தும், கறுப்பு ஜூலைக் கொலைகளுக்குப் பின்னும் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குப் போகவில்லை. மூன்று மாத விதியால் ஆசனங்கள் பறிபோயின. 1977 இல் நாம் தெரிவுசெய்த இரா. சம்பந்தன் அவர்களின் திருகோணமலை ஆசனமும் அதில் ஒன்று. அது சோம்பலும் இல்லை, ரிப்பன் வெட்டும் இல்லை. காரணத்தை உலகத்துக்குச் சொல்லி, விலையை அறிந்து, ஒன்றாக எடுத்த முடிவு. அதை இன்றைய வெற்றுக் கதிரைக்குக் குடையாகப் பிடிப்பது அவர்களுக்கே அவமரியாதை. விலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1987 நவம்பர் 14 அன்று மாகாண சபைகளுக்கான 13 ஆம் திருத்தம் நிறைவேறியது. பிறகு வடக்குக் கிழக்கு மாகாண சபை இந்தத் திருமலையில்தான் இயங்கியது. நம் மண்ணின் அதிகாரம் எவ்வளவு என்று எழுதப்பட்ட அந்த நாளில் கூட்டணியின் கதிரைகளில் ஒருவரும் இல்லை. அதே சம்பந்தன் அவர்கள் பின்னாளில் மீண்டும் தெரிவாகி, அதே சபைக்குள் போய், 2015 இல் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார்.

எனக்கு அடுத்து எழும்பப் போகும் எதிரணிச் சகோதரரிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த அமர்வு நாளையும் திறக்கலாம், வாக்கெடுப்பு நடந்திருந்தால் பெயர்கள் இருக்கும். நம் மாவட்டத்தின் நாலு பெயரும் ஒருசேர இல்லாத வாக்கெடுப்பு ஒன்றை எடுத்து, அன்று அந்த நால்வரும் திருமலையில் செய்த எந்த வேலை அந்த வாக்கைவிடப் பெரிது என்று இந்த மேடையில் சொல்லுங்கள். நேரம் முடிந்தது என்று நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.