மொச்சைக்குள் இருக்கும் கடிகாரம்

வணக்கம். மொச்சையில் சீக்கிரம் காய்க்கிற, நோய் தாங்குகிற ரகங்களை எப்படி உருவாக்குகிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். என் பிழைப்பே அதுதான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆடியில் நாட்டு மொச்சை விதைக்கிறீர்கள், பக்கத்து வயல்காரர் புரட்டாசியில்தான் விதைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் வயலில் முதலில் பூக்கும்? ஏறக்குறைய இரண்டும் ஒன்றாகத்தான் பூக்கும். உங்கள் கொடி நன்றாகப் படர்ந்திருக்கும், அவருடையது சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். நாட்டு மொச்சை தன் வயதைப் பார்த்துப் பூப்பதில்லை, பகல் குறைந்து இரவு நீள்வதைப் பார்த்துப் பூக்கிறது. பொங்கலுக்கு மொச்சை குவிவதும் இதனால்தான். தலைவன் திரும்பி வராத பனிக்காலத்துக்கு அடையாளமாக, தினை அறுத்த புனத்தில் அவரை பூப்பதைச் சங்கப் பாட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். அவரையும் மொச்சையும் ஒரே இனம்தான்.

அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் விவசாயிக்கு ஐந்தாறு மாதம் நிலம் மாட்டிக்கொள்கிறது. அதனால் இந்தக் கடிகாரத்தைக் கழற்றிவிடும் வேலை தொடங்கியது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை 3, 4 இரண்டும் அப்படி வந்தவைதான். எந்த மாதம் விதைத்தாலும் சுமார் 100 நாளில் அறுவடை முடிந்துவிடும். காய்கறி அவரையில் அர்கா ஜெய், அர்கா விஜய் என்ற குத்து ரகங்கள் இன்னும் குறுகியவை, பந்தலும் வேண்டாம்.

இதில் பொறுமை ரொம்ப வேண்டும். மறுநாள் விரியப்போகும் மொட்டை முந்தின நாள் சாயங்காலமே பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, காலையில் காலம் பார்க்காமல் பூக்கிற வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும், அப்படிச் செய்த பூக்களில் பாதிக்கு மேல் உதிர்ந்தும் போகும். தப்பிப் பிழைத்த விதையை முளைக்கவைத்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் பழையபடி பனிக்காலத்துக்குக் காத்திருக்கும். மனம் தளரக் கூடாது. அடுத்த தலைமுறையில்தான், பல கலப்புகளில், நாலில் ஒரு செடி காலம் பார்க்காமல் பூக்கிறது.

சரி, கடிகாரத்தைக் கழற்றியாயிற்று. அப்புறம்தான் தலைவலி. வருஷம் முழுக்க விதைக்கலாம் என்றதும் கோடையிலும் விதைத்தார்கள், கோடை வெள்ளை ஈக்கு ரொம்பப் பிடித்த காலம். அது கொண்டுவருகிற மஞ்சள் தேமல் நச்சுயிரி இலையைப் பச்சையும் மஞ்சளுமாக்கிவிட்டால் அந்தச் செடிக்கு மருந்தே கிடையாது. நாம் தெளிப்பதெல்லாம் ஈக்குத்தான், நோய்க்கு இல்லை. பனிக்காலத்தில் மட்டும் காய்த்தவரை அந்தப் பயிர் ஓரளவு தப்பித்துக்கொண்டிருந்தது என்பதே எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. ஆகவே சீக்கிரம் காய்ப்பதை ஒரு வேலையாகவும் நோய் தாங்குவதை இன்னொரு வேலையாகவும் பிரித்துச் செய்யக் கூடாது என்பது என் கட்சி. சோதனை வயலைக் கோடையிலேயே போட வேண்டும், சீக்கு எளிதில் வாங்கும் ரகத்தை ஊடே வரிசை வரிசையாக நட்டு நோயை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும், ஒரு துளி மருந்தும் தெளிக்கக் கூடாது. பார்க்க வயிறெரியும். அதில் பச்சையாக நிற்கிற செடியைத்தான் விதைக்கு எடுக்கிறோம்.

இன்னொன்று, வாசனை. கர்நாடகத்தில் சொகடு என்பார்கள், காயின் தோலில் பிசுபிசுக்கிற எண்ணெயிலிருந்து வருவது. புது ரகக் காயைக் கொண்டுபோனால் நாட்டு அவரை மாதிரி மணக்கவில்லையே என்று சந்தையில் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். எங்கள் குறிப்பேட்டில் பூக்கும் நாள், காய் எண்ணிக்கை, நோய் மதிப்பெண் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, வாசனைக்கு இல்லை. இப்போது அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். களை எடுக்க வருகிற அம்மாக்களிடம் காயை நீட்டுவேன், அவர்கள் முகர்ந்து பார்த்துச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வேன்.