தூலோன், 1707: தாமே மூழ்கடித்த கப்பல்கள்

அவையோர்க்கு வணக்கம். ஸ்பானிய வாரிசுரிமைப் போரின்போது, 1707ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சின் மத்தியதரைக் கடற்படைத் தளமான தூலோன் துறைமுகத்தை, பிரான்சை எதிர்த்து அணிசேர்ந்திருந்த இங்கிலாந்து, ஆஸ்திரியா, சவோய் முதலிய நேச நாட்டுப் படைகள் முற்றுகையிட்டுக் கைப்பற்ற முடியாமல் திரும்பின. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதைத் தோல்விக் கணக்கில் எழுதி முடித்துவிடும். அந்தக் கணக்கைச் சற்றுத் திருப்பிப் பார்க்க விரும்புகிறேன்.

தூலோனைப் பிடிக்க வேண்டும் என்று பெரிதும் விரும்பியவர்கள் ஆங்கிலேயர். அவர்களுடைய தளபதி மார்ல்பரோ கோமகன் இத்திட்டத்தில் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தார். தரைவழியே படை நடத்த வேண்டியிருந்த சவோய் கோமகன் இரண்டாம் விக்டர் அமதேயசுக்கும் ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜினுக்கும் அதே வேகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆஸ்திரியாவை ஆண்ட புனித ரோமப் பேரரசர் முதலாம் யோசேப்போ, தூலோனுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய படையின் ஒரு பகுதியை நேப்பிள்ஸைப் பிடிக்க அனுப்பிவிட்டார். போதாக்குறைக்கு, அவ்வாண்டு மார்ச்சில் மிலானில் செய்துகொண்ட உடன்படிக்கை, வட இத்தாலியில் சிக்கியிருந்த பிரெஞ்சுப் படைகளைப் பாதுகாப்பாக நாடு திரும்ப விட்டிருந்தது.

ஏறத்தாழ 35,000 பேர் கொண்ட படை ஜூலை 11 அன்று வார் ஆற்றைக் கடந்து, கடலோரமாக நடந்து, 26ஆம் நாள்தான் தூலோனை அடைந்தது. அந்த இரு வாரங்களே ஊரைக் காப்பாற்றின. பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் தெஸ்ஸே முந்திக்கொண்டு வீரர்களைக் கொண்டுவந்து சேர்த்து, மதிலுக்கு வெளியே மேடுகளில் அகழி வெட்டிப் பாசறை அமைத்துவிட்டார். ஊரை முழுவதும் வளைக்க நேசப் படைக்கு ஆள் பற்றவில்லை; மேற்குப் பக்கம் திறந்தே கிடந்தது. நாற்புறமும் சூழாத முற்றுகையை முற்றுகை என்பதே சற்றுத் தாராளமான பேச்சுதான். ஊருக்கு வெளியே இருந்த சாந்த் கத்தரீன் குன்றைத் தொடக்கத்திலேயே பிடித்தவர்கள், ஆகஸ்ட் 15 அன்று அதைத் தெஸ்ஸேயிடம் பறிகொடுத்தார்கள். ஒரு வாரத்தில் முற்றுகை கைவிடப்பட்டது. சண்டை, நோய், படையைவிட்டு ஓடியவர்கள் என ஏறத்தாழ 10,000 பேரை இழந்து படை திரும்பியது.

ஆனால் துறைமுகத்துக்குள் வேறொன்று நடந்திருந்தது. கரையிலிருந்தும் கடலிலிருந்தும் எறியப்படும் வெடிகுண்டுகளால் கப்பல்கள் தீப்பற்றிவிடும் என்று அஞ்சிய பிரெஞ்சுக்காரர்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்களை ஆழமற்ற நீரில் தாங்களே அமிழ்த்தி வைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் மீண்டும் மிதக்கவிடலாம் என்பது திட்டம். எயில் வளைப்போர்க்கு உழிஞையையும் எயில் காப்போர்க்கு நொச்சியையும் சூட்டிய நம் முன்னோர், தீயிலிருந்து காக்கத் தன் கலத்தையே அமிழ்த்தியவனுக்கு எந்தப் பூவைச் சூட்டியிருப்பார்களோ!

ஊர் தப்பியது. நீரில் ஊறிய கப்பல்களில் பல பிறகு போருக்கு உதவவில்லை. அவற்றைச் செப்பனிடப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் கருவூலத்தில் பணமும் இல்லை. எஞ்சிய போர்க்காலத்தில் மத்தியதரைக் கடலில் ஆங்கிலேயரை எதிர்த்து ஒரு பெரும் பிரெஞ்சுக் கடற்படை வெளிவரவே இல்லை.

ஆங்கிலேயருக்கும் ஒரு குறை மிஞ்சியது: பெரிய கடற்படையைக் குளிர்காலத்தில் நிறுத்தி வைக்க மத்தியதரைக் கடலில் அவர்களுக்கு ஏற்ற துறைமுகம் இல்லை. தூலோன் முற்றுகையில் கடற்படையை நடத்திய அட்மிரல் கிளவுட்ஸ்லி ஷொவெல், தாயகம் திரும்பும் வழியில், அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சிலித் தீவுகளின் பாறைகளில் கப்பல்கள் மோதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மாண்டார். மறு ஆண்டே ஆங்கிலேயர் மத்தியதரைக் கடலில் உள்ள ஸ்பெயினின் மினோர்க்காத் தீவைப் பிடித்து, மகோன் துறைமுகத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். அதைத் தடுக்கத் தூலோனிலிருந்து கப்பற்படை எதுவும் புறப்படவில்லை.