காதால் கற்கும் பாடம்

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழியும் தொடர்பாடலும் என்ற பாடத்தைத் தேர்ந்தெடுக்க எண்ணும் மாணவர்களுக்காகவும், அவர்களுடைய எதிர்காலம் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்காகவும் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தைக் கற்பித்து வருகிறேன். ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் நான் காணும் ஒரு தவறான எதிர்பார்ப்பிலிருந்தே தொடங்குகிறேன். வந்து அமரும் மாணவர்களில் பலர், படிப்பு முடியும்போது தங்குதடையின்றி ஆங்கிலம் பேசிவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். பேச்சுத்திறன் வளர்வது உண்மைதான். ஆனால் அது இந்தப் படிப்பின் துணைப்பயன் மட்டுமே. தாவரவியல் படிப்பவர் தோட்டம் போடுவதற்காக அதைப் படிப்பதில்லை. அதுபோல, இங்கே ஆங்கிலம் நம் ஆய்வுக்குரிய பொருளாகிறது. அதைப் பேசும் மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள், எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதே நம் கேள்வியாகிறது.

முதல் பருவத்தில் நாங்கள் செய்யும் ஒரு சிறு சோதனையைச் சொல்கிறேன். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதடுகளுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லைச் சொன்னால், காகிதம் படபடவென்று அசையும். அவரே சுழற்சியைக் குறிக்கும் 'ஸ்பின்' என்ற சொல்லைச் சொல்லும்போது அது பெரும்பாலும் அசையாமல் நிற்கும். எழுத்து ஒன்றாக இருந்தாலும் பிறக்கும் ஒலிகள் இரண்டு. வாழ்நாள் முழுவதும் அவ்விரண்டையும் ஒலித்துவரும் அவர் அந்த வேறுபாட்டை ஒருமுறைகூடக் கவனித்திருக்க மாட்டார். இப்போது 'பல்' என்ற தமிழ்ச் சொல்லை அதே காகிதத்தின் முன் சொல்லிப் பாருங்கள். அதிக அசைவு இராது. நாம் அந்த ஆங்கிலச் சொல்லையும் மூச்சுக்காற்றின் விசையின்றித் தமிழ்ப் பகரமாகவே ஒலிப்பதால், கேட்பவர் அதை 'b' ஒலியில் தொடங்கும், குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொள்ள நேரிடுகிறது. 'படம்', 'கம்பம்' என்னும் இரு சொற்களில் பகரம் இருவேறாக ஒலிப்பதை நாமும் உணர்வதில்லை என்று சொன்னதும், வகுப்பில் எல்லோரும் அவற்றை மெல்லச் சொல்லிப் பார்ப்பார்கள். தமிழ் இலக்கணத்தில் ஒலிகள் பிறக்கும் முறையைக் கூறும் பிறப்பியல் படித்த மாணவர் இந்த இடத்தில் சட்டென்று நிமிர்ந்து உட்கார்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தாய்மொழி வேறாக இருப்பதைக் குறையாகக் கருதி வந்தவருக்கு, அதுவே இங்கு ஆய்வுக் கருவி என்பது புரிகிறது.

ஒலிகளை ஆராயும் ஒலியியல், சொல்லின் அமைப்பை ஆராயும் உருபனியல், வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியல் ஆகியவற்றைப் பல பல்கலைக்கழகங்கள் ஏதேனும் ஓர் அளவில் கற்பிக்கின்றன; அவற்றை விரித்துரைக்க இங்கு நேரமில்லை. நான் சற்று நிதானமாகப் பேச விரும்புவது மொழியும் சமூகமும் சந்திக்கும் பகுதியைப் பற்றி. வில்லியம் லபோவ் என்னும் அறிஞர் 1962-ல் நியூயார்க் நகரின் மூன்று பெரிய அங்காடிகளுக்குச் சென்றார். ஒன்று வசதி மிக்கவர்களும், ஒன்று நடுத்தர மக்களும், மற்றொன்று எளியவர்களும் பொருள் வாங்கும் இடம். நான்காம் தளத்தில் இருப்பதாகத் தமக்குத் தெரிந்த ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று ஊழியர்களைக் கேட்டார். விடை வந்ததும், காதில் விழாதவர்போல மீண்டும் கேட்டார். 'நான்காம் தளம்' என்பதற்கான இரண்டு ஆங்கிலச் சொற்களிலும் ரகரம் ஒலிக்கிறதா, மறைகிறதா என்று குறித்துக்கொண்டார். உயர்ந்த அங்காடியில் ரகரம் அதிகமாகவும், எளிய அங்காடியில் குறைவாகவும் ஒலித்தது. ஊழியர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வகை வேலை பார்ப்பவர்கள்தாம் என்றபோதிலும், தாங்கள் பணிபுரியும் இடத்தின் மதிப்பு அவர்களுடைய நாவில் ஏறியிருந்தது. ஒரு சிறு கேள்வியை நன்றாக வடிவமைத்தால், நகரத்தின் ஏற்றத்தாழ்வையே இரண்டு சொற்களில் கேட்டுவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

என் மனத்தை இன்றுவரை விட்டு அகலாத இன்னோர் ஆய்வு உண்டு. பிரிட்டனில் ஒரு விமான நிலைய ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறும் பணியில் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்கள் கடுகடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று முறையீடு எழுந்தது. ஜான் கம்பெர்ஸ் என்ற அறிஞர் அங்கு நடந்த பேச்சைக் கூர்ந்து ஆராய்ந்தார். இறைச்சி உணவு எடுப்பவரிடம் 'கிரேவி' வேண்டுமா என்று கேட்பது வழக்கம். ஆங்கிலேயப் பணியாளர் அந்த ஒரே சொல்லைக் குரலை உயர்த்தி முடித்தார், அது 'வேண்டுமா?' என்ற உபசரிப்பாக ஒலித்தது. இப்பெண்களோ அதே சொல்லைக் குரலைத் தாழ்த்தி முடித்தார்கள். ஆங்கிலக் காதுக்கு அது 'இது கிரேவி, எடுத்துக்கொள்' என்ற முரட்டுத்தனமான அறிவிப்பாகப் பட்டது. தங்களிடம் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று இப்பெண்கள் மனம் நொந்திருந்தார்கள். மேற்பார்வையாளர்களோ இவர்கள் மரியாதை அறியாதவர்கள் என்று எண்ணியிருந்தார்கள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி வேறுபாட்டை விளக்கிய பிறகுதான், இந்தத் தாழ்குரல் அவர்களுக்கு இயல்பாகக் கேள்வி கேட்கும் முறையே என்பது மேற்பார்வையாளர்களுக்கு விளங்கியது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத ஒற்றைச் சொல் சிலருடைய நற்பெயரையே கெடுத்துவிட்டது என்பதை எண்ணும்போது, இந்தப் பாடத்தை வெறும் பட்டத்துக்கான வழியாக என்னால் பார்க்க இயலவில்லை.

இத்தகைய செவிநுட்பம் ஒரு நாளில் வருவதில்லை. மாணவர்கள் உண்மையான உரையாடலைப் பதிவுசெய்து, திரும்பத் திரும்பக் கேட்டு எழுத வேண்டும். பேசுவோரின் இசைவைப் பெற்ற பிறகே பதிவுசெய்யலாம் என்பது முதல் விதி. ஐந்து நிமிடப் பேச்சை எழுதி முடிக்கச் சில நாட்கள் மாலைப்பொழுது முழுவதும் தேவைப்படுகிறது. ஏனெனில் சொற்களோடு சேர்த்து இழுப்புகளையும், ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறுவதையும், நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மௌனத்தையும் குறிக்க வேண்டும். அந்த வேலையை வெறுத்தபடி தொடங்கிய மாணவி ஒருவர், தாம் எழுதிய தாளை என்னிடம் காட்டினார். தோழி விடுத்த அழைப்பை ஒருவர் ஏற்கும்போது விடை உடனே வருகிறது. மறுக்கும்போது சிறு மௌனமும், பிறகு 'வந்து...' என்ற இழுப்பும், அதன்பின் காரணமும் வருகின்றன. 'இல்லை' என்ற சொல் எங்குமே இல்லை. ஆங்கில உரையாடலில் ஆய்வாளர்கள் கண்ட ஒழுங்கை அவர் தம் வீட்டுத் தமிழில் தாமே கண்டுவிட்டார். அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது.

வேலை பற்றிய கேள்விக்கு நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். ஆசிரியப் பணி, பதிப்பு, ஊடகம், நிறுவனங்களின் மக்கள் தொடர்பு, அகராதித் தொகுப்பு, கணினிக்கான மொழித்தரவு ஆகிய துறைகளுக்கு இப்படிப்பு நல்ல அடித்தளம். ஆயினும் பள்ளி ஆசிரியராகவும் பேச்சுப் பயிற்சி மருத்துவராகவும் விரும்புவோர் பெரும்பாலும் அதற்குரிய தனித் தகுதியையும் பெற்றாக வேண்டும். இதை முன்கூட்டியே அறிந்து சேருவது நல்லது.

சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும், சில இடங்களில் அது முழுக்க இலக்கியப் படிப்பாகவும், சில இடங்களில் கடிதமும் அறிக்கையும் எழுதும் பயிற்சியாகவும் இருக்கிறது. அவையும் பயனுள்ளவையே, ஆனால் நான் இதுவரை விவரித்த படிப்பு அவையல்ல. ஆகவே அங்குள்ள ஆசிரியர்களிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: முதலாண்டு மாணவர்கள் தாங்களே ஓர் உரையாடலைப் பதிவுசெய்து, எழுதி, ஆராய்கிறார்களா? ஆம் என்று சொன்னால், அவர்கள் எழுதிய தாள் ஒன்றைக் காட்டுமாறு கேளுங்கள். மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார்கள்.

நன்றி, வணக்கம்.