இரண்டு நிமிடம் பேனாவைத் திறக்காதீர்கள்

வணக்கம். வடிவமைப்பு மாநாடுகளில் என்னைப் பார்த்திருப்பீர்கள். முகம் ஞாபகம் இருக்காது, உச்சந்தலை ஞாபகம் இருக்கலாம். மூன்றாவது வரிசை ஓரத்தில் குனிந்தபடி நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கும் ஆள் நான்தான். மேடையில் பேசுகிறவர்களைக் கேலிச்சித்திரமாக வரைவது என் பழக்கம். இன்றைக்கு என்னையே மேடையேற்றிவிட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொழில் ரகசியத்தில் ஆரம்பிக்கிறேன். பேச்சாளர் வந்து நின்ற முதல் இரண்டு நிமிடம் நான் பேனா மூடியைத் திறப்பதில்லை. மைக் வேலை செய்கிறதா, ஸ்லைடு நகர்கிறதா, தண்ணீர் எங்கே வைத்தார்கள் என்று அப்போது அவர் தவித்துக்கொண்டிருப்பார். தவிக்கும்போது எல்லோரும் ஒரே ஜாடைதான். மூன்றாவது நிமிடம் வாக்கில் தன் விஷயத்துக்குள் இறங்குவார். அப்போது ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். ஒருவர் முக்கியமான சொல் வரும்போதெல்லாம் குதிகாலைத் தூக்குவார். இன்னொருவர் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பெட்டி செய்து, அதை ஓரமாக நகர்த்தி வைப்பார். (நம் துறையில் காற்றுப்பெட்டி செய்யாதவர்கள் குறைவு.) ஒரு தடவை வந்தால் விட்டுவிடுவேன். மூன்றாவது தடவையும் வந்தால் பேனா திறக்கும். மூக்கு, காது எல்லாம் அப்புறம்.

புதிதாக வரைகிறவர்கள் மூக்கில்தான் ஆரம்பிப்பார்கள். பெரிய மூக்கு போட்டால் கேலிச்சித்திரம் ஆகிவிடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிய ஓவியர் அன்னிபலே கராச்சி இந்த மாதிரிப் படங்களைப் போட்டுப் பார்த்தார். 'காரிகேச்சர்' என்ற பெயர் 'காரிகாரே' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சுமை ஏற்றுவது என்று பொருள். எதன் மேல் ஏற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ட இடத்தில் ஏற்றினால் வண்டி குடை சாய்ந்துவிடும்.

இந்தக் கேள்விக்குக் கணினியை வைத்து விடை தேடியவர் சூசன் பிரென்னன். 1982இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தன் முதுநிலை ஆய்வுக்காகக் கேலிச்சித்திரம் வரையும் ஒரு நிரலை எழுதினார். அதன் வழி எளிமையானது. பல முகங்களின் சராசரியாக ஒரு முகம் வைத்துக்கொள். வரைய வேண்டியவர் முகத்தை அதோடு ஒப்பிடு. எங்கெல்லாம் விலகுகிறதோ, அந்த விலகலைப் பெருக்கு. மூக்கு சராசரி மூக்காக இருந்தால் அதைத் தொடாது. ஐந்து வருடம் கழித்து அவரும் வேறு இருவரும் வெளியிட்ட சோதனையில், தெரிந்தவர்களின் முகங்களை உள்ளது உள்ளபடி வரைந்த கோட்டுப்படத்தைவிடக் கேலிச்சித்திரத்தில் பார்த்தவர்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள். பொய் கலந்த படம் முந்திக்கொண்டது! லோகோவும் ஐகானும் வரைகிற உங்களுக்கு இது புதிதில்லை என்றாலும் எனக்குப் பெரிய ஆறுதல்.

எவ்வளவு குறைவான கோட்டில் ஒருவரைப் பிடிக்கலாம் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது பேரிக்காய்க் கதை. 1831இல் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பை அவமதித்ததாகப் பத்திரிகை நடத்திய ஷார்ல் ஃபிலிப்போன் மேல் வழக்கு. அவர் நீதிமன்றத்திலேயே நான்கு படம் போட்டுக் காட்டினார். முதல் படத்தில் மன்னர் முகம். நான்காவதில் வெறும் பேரிக்காய். இடையில் எந்தப் படத்திலிருந்து குற்றம் தொடங்குகிறது, பேரிக்காயையும் தண்டிப்பீர்களா என்று கேட்டார். வாதம் பிரமாதம், தண்டனை தப்பவில்லை: ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்க் அபராதமும். ஆனால் அதற்கப்புறம் அந்த மன்னருக்குப் பேரிக்காயிலிருந்து விடுதலையே கிடைக்கவில்லை.

சரி, அரங்கத்துக்கு வருவோம். மாநாட்டு வெளிச்சம் வரைகிறவனுக்கு விரோதி. பின்னால் திரை பளீரென்று எரியும், பேசுகிறவர் அதன்முன் கரும் நிழலாகத் தெரிவார். முதலில் சபித்துக்கொண்டிருந்தேன், இப்போது அதுவே வசதி. கண் மூக்கு தெரியாததால் உருவத்தின் ஓரக்கோடு மட்டும் தெரியும். தோள் எந்தப் பக்கம் சரிகிறது, கழுத்து எவ்வளவு முன்னால் நீள்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முதல் வரிசையில் உட்காராதீர்கள், மூக்குத் துவாரம்தான் கிடைக்கும். பென்சிலும் வேண்டாம். அழிக்க முடியும் என்று தெரிந்தால் கை தயங்கும். உள்ளங்கை அளவு நோட்டு, ஒரு பிரஷ் பேனா, படத்துக்கு நாற்பது நொடி. நோட்டை எட்டிப் பார்க்கிற பக்கத்து இருக்கைக்காரரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

இருட்டு பிரச்சினை என்பவர்களுக்கு அல் ஹிர்ஷ்ஃபெல்ட் இருக்கிறார். நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களைப் பல பத்தாண்டுகள் வரைந்தவர், 2003இல் 99 வயதில் மறைந்தார். இருண்ட அரங்கில் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பார்க்காமலே வரையப் பழகியிருந்தார். நானும் முயன்றேன். பை முழுக்க மை.

ஒரு தடவை தப்பும் செய்திருக்கிறேன். ஒரு பேச்சாளரின் தாடைக்கடியில் இருந்த மடிப்பைப் பெரிதாக்கி வரைந்து, பெருமையாக அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்தார். பிறகு கை மெல்லத் தாடைக்குப் போனது. அன்று முழுக்க அந்தக் கை இறங்கவில்லை. அவர் பேசும்போது மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் புலி மாதிரி நடந்தார். அதை நான் வரையவே இல்லை. உடம்பில் அவர் தேர்ந்தெடுக்காத ஒன்றின் மேல் சுமை ஏற்றினால் வலிக்கிறது. அவர் ஆசையாகச் செய்வதன் மேல் ஏற்றினால் வாங்கி வைத்துக்கொள்கிறார். காற்றுப்பெட்டிக்காரர் தன் படத்தைக் கேட்டு வாங்கிப்போனார்.

என்னைத் தோற்கடித்த ஒருவரும் உண்டு. எழுத்துருக்கள் பற்றிப் பேச வந்த பெண்மணி. மேசைக்குப் பின்னால் அசையாமல் நின்று, எழுதி வந்ததை வாசித்தார். கை மேலே வரவில்லை, குரலும் ஏறி இறங்கவில்லை. முப்பது நிமிடம், எட்டுப் பக்கம் பாழ், ஒன்றிலும் அவர் இல்லை. கேள்வி நேரத்தில் ஒரு பையன் எழுந்து, காற்புள்ளியின் வால் ஏன் அந்தப் பக்கம் வளைகிறது என்று கேட்டான். அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். மேசையைச் சுற்றி முன்னால் வந்தார். சுண்டுவிரலை வளைத்து, அதையே காற்புள்ளியாகப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். பத்து நொடியில் முடிந்தது படம். முகத்தில் ஒரே ஒரு கோடு, மீதியெல்லாம் சுண்டுவிரல்.