ஆப்பிள் கடித்தால் வாய் ஏன் அரிக்கிறது?

[திரையில்: ஒரு தட்டில் நறுக்கிய ஆப்பிள், பக்கத்தில் ஆப்பிள் ஜாம்]

வணக்கம். சிலருக்கு ஆப்பிளைக் கடித்த சில நிமிடங்களில் உதடு அரிக்கும், நாக்கு நமநமக்கும், தொண்டை குறுகுறுக்கும். அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அதே ஆள் ஆப்பிள் ஜாம் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. கேட்டால், "பழத்துல மெழுகு தடவியிருப்பாங்க" என்பார்கள். பெரும்பாலும் காரணம் மெழுகு இல்லை. பழத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு புரதம்தான். அதன் பெயர் மால் டி 1.

[திரையில்: பிர்ச் மரம், காற்றில் பறக்கும் மகரந்தம்]

விசித்திரம் என்னவென்றால், இந்த அலர்ஜி ஆப்பிளில் தொடங்குவதே இல்லை. வடக்கு, மத்திய ஐரோப்பாவில் பிர்ச் மரம் எங்கும் இருக்கிறது. வசந்த காலத்தில் அதன் மகரந்தம் காற்றை நிரப்புகிறது. அதில் பெட் வி 1 என்றொரு புரதம். இதன் மரபணுவை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 1989-இல் பிரித்தெடுத்துப் படித்தார்கள். மகரந்தத்தைச் சுவாசித்துச் சுவாசித்து, உடல் அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்கிறது. ஆப்பிளின் மால் டி 1, பெட் வி 1-இன் நெருங்கிய சொந்தம். அமினோ அமில வரிசையில் பாதிக்கு மேல் ஒன்றுதான், புரதம் மடிந்திருக்கும் வடிவமும் ஏறத்தாழ அதேதான். ஐஜிஇ ஏமாந்துவிடுகிறது. பிர்ச் இல்லாத ஊரிலிருந்து ஜெர்மனிக்கோ நார்வேக்கோ போய்க் குடியேறியவர்களுக்கும் சில வருடங்கள் கழித்து இது வரலாம். ஊரில் சாப்பிட்ட ஆப்பிள் ஒன்றும் செய்யவில்லையே என்று அவர்கள் குழம்புவது நியாயம்தான்.

சரி, ஜாம் மட்டும் ஏன் ஒன்றும் செய்வதில்லை? மால் டி 1 சூட்டைத் தாங்காது. கொதித்தால் அதன் மடிப்பு குலைந்துவிடும், ஐஜிஇ-க்கு அடையாளம் தெரியாது. வயிற்றுக்குப் போனாலும் சீக்கிரம் செரித்துவிடும். அதனால்தான் தொல்லை பொதுவாக வாயோடு நிற்கிறது. ரகத்துக்கு ரகம் இதன் அளவும் மாறும்: கோல்டன் டெலிஷியஸில் அதிகம், நெதர்லாந்தில் உருவான சாந்தானாவில் குறைவு.

[திரையில்: ஆப்பிள் தோல், மிக அருகில்]

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். ஸ்பெயின், இத்தாலி பக்கம் போனால் கதையே வேறு. அங்கே ஆப்பிள் அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் மால் டி 3 என்ற இன்னொரு புரதம். அளவில் சிறியது, தோலில்தான் அதிகம். நான்கு கந்தகப் பாலங்கள் அதை, கயிறு போட்டு இறுக்கிய மூட்டைபோலப் பிடித்துவைத்திருக்கின்றன. வேகவைத்தாலும் எளிதில் அவிழாது, வயிற்று அமிலத்துக்கும் லேசில் மசியாது. முழுதாகக் குடலுக்குப் போய் ரத்தத்தில் கலந்தால் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு வரை போகலாம். அங்கே இந்த அலர்ஜி பலருக்கு முதலில் பீச் பழத்தில் தொடங்குகிறது. சாப்பிட்ட கையோடு ஓடினாலோ, மது குடித்தாலோ, சில வலி மாத்திரைகள் போட்டாலோ தீவிரம் கூடும். தோலைச் சீவினால் அளவு குறையும். ஆனால் அதை மட்டும் நம்பிச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

ஆக, "ஆப்பிள் அலர்ஜி" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. எந்தப் புரதத்துக்கு ஐஜிஇ இருக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. தோல் பரிசோதனையில் ஒரு நுணுக்கம்: மால் டி 1 சீக்கிரம் சிதையும் என்பதால் பரிசோதனைக்கென்று புட்டியில் வரும் ஆப்பிள் சாறு அலர்ஜியைக் காட்டாமல் போகலாம். அதனால் புதுப் பழத்தில் ஊசியைக் குத்தி, அதே ஊசியால் முன்கைத் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கிறார்கள்.

மருத்துவரிடம் போகும்போது இதையெல்லாம் சொல்லுங்கள்: பழத்தை அப்படியே சாப்பிட்டீர்களா, வேகவைத்தா? தோலோடா? வாயோடு நின்றதா, உடம்புக்கும் பரவியதா? அப்புறம் ஓடினீர்களா, மாத்திரை ஏதாவது போட்டீர்களா? மூச்சு முட்டினாலோ தலை சுற்றி விழப்போனாலோ இதெல்லாம் அப்புறம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதலில் தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி.