டப்பாவிலிருந்து ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

கவிதை எழுதுவதை எந்த நாளில் நிறுத்தினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நிறுத்துகிறேன் என்று முடிவுசெய்து யாரும் நிறுத்துவதில்லை. ஒரு கவிதை பாதியில் நிற்கும், அடுத்த வாரம் முடிக்கலாம் என்று நோட்டை மூடிவைப்போம். எனக்கு அந்த அடுத்த வாரம் வர 11 ஆண்டுகள் ஆயின.

நேரம் இல்லாமல் இல்லை. பெரிதாக ஒன்று எழுத வேண்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். காத்திருக்கக் காத்திருக்க, எழுதப்போகும் கவிதை மனத்துக்குள் உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் அதற்குத் தகுந்த முதல் வரியே அகப்படவில்லை.

திரும்ப எழுத வைத்தது ஒரு பழைய டப்பா. துண்டுச் சீட்டுகளில் சீட்டுக்கொரு சொல்லாக எழுதி அதில் போட்டேன். காலையில் ஒரு சீட்டை எடுக்க வேண்டும். வந்த சொல்லை மாற்றக் கூடாது. 15 நிமிடத்துக்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

முதலில் போட்ட சொற்கள் எவை தெரியுமா? மழை, நிலா, தனிமை, மௌனம். இரண்டு வாரம் ஒன்றும் உருப்படவில்லை. நிலா என்று வந்தால் போதும், யாரோ எப்போதோ எழுதிய வரிகள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எல்லாச் சீட்டையும் கொட்டிவிட்டுப் பித்தான், கொக்கி, சாவி, ஏணி, பழைய செருப்பு என்று எழுதிப் போட்டேன். பித்தானைப் பற்றி என்னிடம் தயாராக எந்த உணர்ச்சியும் கிடையாது. அதனால் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. நான்கு துளை, அதில் ஒன்றில் நூல் இல்லை. அங்கிருந்து ஒரு வரி கிடைத்தது.

சொல் கொடுத்து எழுதச் சொல்வது பள்ளிக்கூடப் பயிற்சிபோல இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சங்க நூலான ஐங்குறுநூற்றைப் புரட்டிப் பாருங்கள். ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாட்டு, ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும். களவன் பத்து என்றால் பத்துப் பாட்டிலும் நண்டு வரும். எருமைப் பத்தில் எருமை, குரக்குப் பத்தில் குரங்கு. எல்லாம் மூன்று முதல் ஆறு அடிக்குள். ஒரே நண்டை வைத்துக்கொண்டு பத்து முறை புதிதாகச் சொன்னவர்கள் நம் ஆட்கள். பிற்காலத்தில் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கமும் வந்தது. இந்தக் காலத்தில் ஏப்ரல் மாதம் 30 நாளும் நாளுக்கொரு கவிதை எழுதுகிறார்களே, மொரீன் தோர்சன் என்ற அமெரிக்கக் கவிஞர் 2003-ல் தொடங்கியது, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

சரி, சொல் கிடைத்தது. எவ்வளவு நீளம் எழுதுவது? எல்லோரும் முதலில் போவது ஹைக்கூ என்ற ஜப்பானிய மூவரிக் கவிதைக்கு. பாரதியார் 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதிவிட்டார். ஆனால் மூன்று வரிக்கும் முறையே 5-7-5 ஒலி என்று விரல்விட்டு எண்ணித் தமிழில் எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஜப்பானியர்கள் எண்ணுவது மிகச் சின்ன ஒலியலகை. சொல்லின் கடைசியில் வரும் ‘ன்’கூட அவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் சொற்களோ நீண்டவை. ‘நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்று எழுதுங்கள். மெய்யெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் சரியாக ஏழு. நடு வரி முழுவதும் அந்த ஒரே சொல்லுக்குப் போய்விட்டது! மூன்று வரி, ஒரு காட்சி என்று வைத்துக்கொண்டு எண்ணிக்கையை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் திருக்குறளின் வடிவமான குறள் வெண்பா இருக்கிறது. முதல் அடியில் நான்கு சீர், அதாவது ஓசைக்காகப் பிரித்த நான்கு துண்டு, இரண்டாம் அடியில் மூன்று, மொத்தம் ஏழு. ஒரு காலை சாவி என்ற சீட்டு வந்தது. முன்பு ஒருநாள் சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டு வாசலிலேயே நெடுநேரம் நின்றிருந்தேன். அது நினைவுக்கு வந்தது. எதிரே இருந்த மாமரத்தை அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். மாமரம் என்றே முடிக்கப் பார்த்தேன், யாப்பு விடவில்லை. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில், அதாவது ஓசை அச்சில், ஒன்றாக இருக்க வேண்டும். மாமரம் எதிலும் அடங்காது. சரி, ‘மா’வை வெட்டி, மலர் என்ற அச்சில் அடங்கும் வெறும் மரம் ஆக்கினேன். அடுத்து எதுகை, அதாவது இரண்டு அடிகளின் முதல் சொற்களிலும் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். சாவிக்கு எதுகை தேடி ஆவி, காவி, தாவி என்று முணுமுணுத்துக்கொண்டே போனதில் பூவிரித்து என்று வந்து நின்றது.

சாவி தொலைந்தபின் தான்கண்டேன் வாசலில்
பூவிரித்து நிற்கும் மரம்.

அன்றைக்கு அந்த மரம் பூத்திருந்ததா என்று எனக்கு நினைவில்லை. எதுகைதான் அதைப் பூக்க வைத்தது. நானாக உட்கார்ந்து யோசித்திருந்தால் என் சலிப்பைப் பற்றி இருபது வரி எழுதியிருப்பேன். மரம் வந்திருக்காது.

பெரிய கவிதை ஒன்றுமில்லை, எனக்கே தெரியும். ஆனால் தளை தட்டாமல், அதாவது சீருக்குச் சீர் ஓசை இடறாமல் முடிந்தது, 15 நிமிடத்தில் முடிந்தது. 11 ஆண்டுகளில் நான் முடித்த முதல் கவிதை அதுதான்.

எழுதியதை அன்றே திருத்துவதில்லை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பேன். முப்பதில் நான்கோ ஐந்தோ தேறும். சென்ற மாதம் இரண்டு. மற்றவற்றைக் கிழிப்பதில்லை, சில சமயம் ஒன்றின் கடைசி வரி இன்னொன்றுக்கு முதல் வரியாகப் பொருந்திவிடுகிறது.

இன்று காலை எடுத்த சீட்டில் ஏணி என்று இருக்கிறது. இங்கே வரும் அவசரத்தில் எழுதவில்லை, சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஏணிக்கு எதுகை தோணி, ஆணி, பாணி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆணிதான் சரிவரும் என்று தோன்றுகிறது.

வணக்கம்.